மூன்று கையுறை

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு இழுத்து
மூன்று வாரமாகிவிட்டது.
நாலரைக்கெல்லாம் இருட்டு
வேலிக் கதவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
ஆகவே விடிந்தும் விடியாமல் நைட்டனில் இறங்கி
நடக்கத் தொடங்கினோம் மெரெரித்தும் நானும்.
ஆஃபா மண்மேட்டுப் பாதை.
பதினோரு வருடமாகத் தவணையில் நடக்கிறோம்,
கடன் அடைப்பதுபோல,
விடுப்பு கிடைத்த நாட்களில்.

எவனோ ஒரு மன்னன்
எவரோ வரக்கூடாதென்று வெட்டிக் குவித்த மேடு.
இப்போது அதன் முதுகெல்லாம் முயல் வளை.
இடது கால் வேல்ஸ், வலது கால் இங்கிலாந்து
என்கிறாள் மெரெரித்.
வரைபடம் ஒத்துக்கொள்ளவில்லை.
சேறு எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

கூதிர்க்காலத்தின் கடைசி நாட்கள்.
பெரணிகள் துருப்பிடித்து மடிந்து கிடக்கின்றன.
ஹாதார்ன் வேலியில் மிஞ்சிய சிவப்பையெல்லாம்
கடல் தாண்டி வந்த பறவைகள்
சத்தம் போட்டுக்கொண்டே தீர்க்கின்றன.
ஏற்றம், உடனே இறக்கம்,
மறுபடி முழங்காலைக் கேட்காமல் ஏற்றம்.
வழிகாட்டிக் கம்பத்தில் ஒரு வெள்ளை ஓக் விதை.
அதன் கீழ் யாரோ பேனாவால்:
‘இன்னும் இருக்கிறது’.

பிளாஸ்க்கைத் திறக்கும்போதுதான் தெரிந்தது,
இடது கையுறை இல்லை.
பைகளைக் கவிழ்த்தோம். ஒரு பழைய பஸ் டிக்கெட்.
அப்போது பின்னாலிருந்து ஓடி வந்த ஒருவர்
(அரைக்கால் சட்டை, நவம்பரில்!)
நிற்காமலே சொன்னார்:
“சாம்பல் நிறமா? பைன் தோப்புக் கதவில்
கம்பத்தின் மேல் மாட்டிவிட்டு வந்தேன்,
தேடி வருபவருக்குத் தெரியட்டும் என்று.”
நான்கு மைல் பின்னால்.
நல்லது செய்தவரின் முகம்
சரிவில் குலுங்கிக் குலுங்கி மறைந்தது.
அங்கே என் கை ஒன்று
போகிற வருகிறவர்களுக்கெல்லாம்
நில் என்று காட்டிக்கொண்டிருக்கும்.

மெரெரித் தன் இடது கையுறையைக் கழற்றித் தந்தாள்.
மூன்று கையுறை, நான்கு கை.
மைலுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்வதாக ஒப்பந்தம்.

பள்ளத்தில், குவாட் பைக்கோடு எம்ரிஸ் புரோபர்ட்.
கடா ஒன்றைக் காலிடுக்கில் பிடித்து
அதன் மார்பு வாரில் நிறக்கட்டியை மாற்றிக்கொண்டிருந்தார்.
முதலில் மஞ்சள், பதினாறு நாள் கழித்து நீலம்,
இன்றுமுதல் சிவப்பு.
கூடிய ஆட்டின் பின்புறத்தில் நிறம் ஒட்டும்,
சூல் பிடித்தது மறுபடி நிறம் வாங்காது.
மேய்ச்சல் வெளியெங்கும் மஞ்சள் பிட்டங்கள்,
இடையிடையே நீலம்.
ஒன்றின் மேல் மட்டும் மஞ்சள்மீது நீலம்,
நீலத்தின்மீது ஈரம் காயாத சிவப்பு.

மெரெரித் அதன் அருகில் போய் நின்றாள்.
மூன்று முறை ஹியர்ஃபோர்ட் மருத்துவமனைக்குப் போன வருடம்
நாங்கள் ஒரு மைலும் நடக்கவில்லை.

“இதுவும் நிற்காவிட்டால்?”
“விற்றுவிடுவேன்,” என்றார் ஒளிக்காமல்.
கடாவை விட்டார். அது ஓடவில்லை,
நின்று யோசித்தது.
“போன வருடமும் அப்படித்தான் சொன்னேன்,”
என்று பைக்கை உதைத்தார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் பேச்சில்லை.
வழுக்கலில் ஒரு முறை மெரெரித் உட்கார்ந்துவிட்டாள்.
எழுந்து பார்த்தால் பின்பக்கம் முழுக்க
அந்தக் கரையின் செம்மண்.
“எனக்கும் நிறம் ஒட்டிவிட்டது,” என்றாள்.
எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
அவள் சிரித்தாள்,
வேலியிலிருந்த பறவைகள் எழும்பிப் போகிற அளவுக்கு.

கடைசி பஸ் நாலு இருபத்தைந்துக்கு.
பழைய தொலைபேசிப் பெட்டியின் விளக்கடியில்
நேர அட்டவணையை விரலால் தடவிப் படித்தோம்.
இன்னும் நாற்பத்தொரு மைல் பாக்கி,
வசந்தத்துக்குள் முடியாது.
“இப்போது யார் முறை?” என்றேன்.
மூன்று கையுறையையும் நடுவில் வைத்துவிட்டு
யாரும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம்.
பஸ் விளக்கு வளைவில் திரும்பியது.